மிச்ச டேப்

அன்றாட வாழ்க்கையை வீடியோ எடுத்து நாலு பேருக்குக் காட்டுகிற பழக்கம் செல்போனோடு பிறந்தது என்று இப்போதைய பிள்ளைகள் நினைக்கிறார்கள். எங்கள் ராமநாதபுரம் சீமையில் அது கல்யாணக் கேசட்டின் கடைசி அரைமணி நேரத்தில் பிறந்தது. கேமராவைத் தோளில் சுமந்து அதை எடுத்தவன் என்பதால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு நாங்கள் போட்டது ஈ-180, அதாவது 180 நிமிடம் ஓடும் வி.எச்.எஸ். கேசட். 1976-ல் ஜப்பானின் ஜே.வி.சி. கம்பெனி கொண்டுவந்த முறை. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி நம் நாட்டில் கலர் டி.வி. வந்தது, அதன் பின்னாலேயே துபாய், சவூதியிலிருந்து திரும்பியவர்களின் பெட்டியில் கேசட் ஓட்டுகிற டெக்கும் வந்து இறங்கியது. ஆரம்பத்தில் கேமரா தனி, ரெக்கார்டர் தனி. ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு பையன் கேபிளோடு பின்னாலேயே நடப்பான். கேசட்டைக் கேமராவுக்குள்ளேயே போடுகிற பேனசோனிக் எம்7 மாதிரியான தோள் கேமராக்கள் வந்ததும் அந்தப் பையன் லைட் பிடிக்கப் போய்விட்டான்.

பெண் அழைப்பு, முகூர்த்தம், பந்தி, மொய் என்று எவ்வளவு இழுத்தாலும் ஒரு கல்யாணம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் போகாது. கேசட்டுக்கும் காசு கொடுத்திருக்கிறார்கள், விடுவார்களா? “தம்பி, மிச்ச டேப்பு கெடக்குல்ல? வாங்க, நம்ம வீட்டைக் கொஞ்சம் எடுங்க. மூத்தவன் ஜித்தாவுல இருக்கான், பாக்கணும்பான்.” இந்தப் பேச்சைக் கேட்காத கல்யாண வீடு எனக்கு அபூர்வம்.

இந்த மிச்சத்தில்தான் விஷயமே இருக்கிறது. வீட்டை எடுப்பது சினிமா அளவுக்கே பழையதுதான். 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு காட்டிய பத்துப் படங்களில் ஒன்று, அகஸ்த் லூமியேரும் அவர் மனைவியும் கைக்குழந்தைக்கு உணவூட்டுவது. ஒரு நிமிடம்கூட ஓடாது. அதற்குப் பிறகு வந்த வீட்டுப் படங்களுக்கும் அதே கதிதான். 1965-ல் கோடக் கொண்டுவந்த சூப்பர் 8 சுருளின் நீளம் 50 அடி. மூன்று நிமிடம் இருபது விநாடியில் முடிந்துபோகும். பிறகு கழுவக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். இங்கே பெரிய பணக்காரர் வீடுகளுக்கு மட்டும் கட்டுப்படியான சமாசாரம். ஒவ்வொரு விநாடிக்கும் காசு என்றால் யார் சும்மா இருப்பதை எடுப்பார்கள்? கேக் வெட்டு, கையை ஆட்டு, சிரி. அவ்வளவுதான். வீடியோ டேப்புதான் முதல்முறையாக நேரத்தை மிச்சம் வைத்தது. அந்த மிச்சத்தில்தான் சாதாரண வாழ்க்கை உள்ளே வந்தது.

என்னென்ன எடுத்தோம்? பாதி எழும்பி நிற்கிற புது வீடு கட்டாயம் உண்டு. அனுப்பிய பணம் செங்கலாக ஆகியிருக்கிறதா என்று வெளிநாட்டில் இருக்கிறவன் பார்க்க வேண்டுமல்லவா. பழைய வீட்டின் ஓடு, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது, ஈன்ற மாடு, பிள்ளையின் பள்ளிக்கூட நோட்டு, தெருமுனைப் பெட்டிக்கடையில் உட்கார்ந்திருக்கும் அவன் கூட்டாளிகள். முதலில் எல்லோரும் போட்டோவுக்கு நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக நிற்பார்கள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் நிற்பார்கள். கேமரா நகராது. அப்புறம் அலுத்துப்போய் அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள். அதற்குப் பிறகு வருவதுதான் படம். இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்ட ஒரே வித்தை, அணைக்காமல் நிற்பது.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சில வீடுகளில் பெண்கள் கேமரா முன்னால் வரமாட்டார்கள். உம்மா கதவுக்குப் பின்னால் நின்றபடி மகனிடம் பேசுவார். படத்தில் நடைக்கூடமும் ஒரு நாற்காலியும் மட்டும் இருக்கும், குரல் ஓடிக்கொண்டிருக்கும். சாப்பாடு, உடம்பு, தங்கைக்கு வந்த சம்பந்தம், பக்கத்து வீட்டுக்காரன் சுவர் எழுப்பிய தகராறு, எல்லாம் வரும். அந்தக் காலத்தில் ஐ.எஸ்.டி. பூத்தில் மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டும். கேசட்டில் மீட்டர் கிடையாது.

எடுத்ததை அனுப்புவது தனிக் கதை. இரண்டு டெக்கை இணைத்துப் பிரதி போடுவோம். பிரதியில் நிறம் ஒரு படி வெளுத்துவிடும். அதை லுங்கிக்குள் சுற்றி, விடுப்பு முடிந்து வெளிநாட்டு வேலைக்குத் திரும்புகிற சபுராளி ஒருவரின் பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். சவூதி விமான நிலையத்தில் கேசட்டை வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள் என்பதால் சினிமாப் பாட்டுச் சேர்க்காமல் கொடுக்கச் சொல்வோர் உண்டு. டேப் ஓடுமா என்ற சிக்கல் துபாய், சிங்கப்பூருக்கு இல்லை; அங்கேயும் நம்மைப்போல ‘பால்’ (PAL) என்ற டி.வி. முறைதான். மண்டபம் முகாமிலிருந்த இலங்கைக் குடும்பங்களுக்கு எடுத்தபோதுதான் உலகம் எப்படித் துண்டாகக் கிடக்கிறது என்று தெரிந்தது. கனடாவில் இருக்கிற தங்கைக்கு அனுப்ப வேண்டுமென்றால் என்.டி.எஸ்.சி. முறைக்கு மாற்ற வேண்டும். பாரிஸில் இருக்கிற அண்ணனுக்கு ‘செகாம்’. ஒரே பேறுகாலத்தில் பிறந்த இரட்டைப் பிள்ளைகளைக் காட்டுவதற்கு இரண்டு தேசத்து டி.வி.க்கும் தனித்தனியாகப் பணிந்து போக வேண்டியிருந்தது. மாற்றித் தருகிற கடை சென்னையில்தான் இருந்தது.

பிறகு சி.டி. வந்தது, மினி டி.வி. (DV) டேப் வந்தது. அதில் ஒரு டேப்புக்கு ஒரு மணி நேரம்தான். கம்ப்யூட்டரில் எடிட்டிங் வந்ததும் வேண்டாததை வெட்ட ஆரம்பித்தோம். மிச்சமே இல்லாமல் போயிற்று. இதயத்துக்குள் மாப்பிள்ளை முகம் சுழன்று வருகிற எஃபெக்டுக்குத் தந்த மரியாதையைக் கிணற்றுக்கும் மாட்டுக்கும் தரவில்லை. தொழிலாக நாங்கள் வளர்ந்தோம். படமாக மெலிந்தோம் என்பது என் கருத்து.

நோக்கியா 6600 வந்தபோது பையன்கள் சில விநாடித் துண்டுகளை எடுத்து புளூடூத்தில் மாற்றிக்கொண்டார்கள். 2005 ஏப்ரல் 23-ல் யூடியூபில் ஏறிய முதல் வீடியோவே, மிருகக்காட்சிசாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று ஓர் இளைஞர் பேசும் 19 விநாடிதான். 2016 இரண்டு வேலை செய்தது. ஜூலையில், வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த கடைசிக் கம்பெனியான ஜப்பானின் ஃபுனாய் அதை நிறுத்தியது. செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்தது. அடுத்து டிக்டாக், 15 விநாடி. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதைத் தடைசெய்யச் சொல்லி, அதே மாதத்தில் தடையை நீக்கியது. 2020 ஜூன் 29-ல் மத்திய அரசு அதையும் சேர்த்து 59 செயலிகளை மூடியது. சில நாட்களிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

காசு மிச்சம், டேட்டா மிச்சம்; நேரம் மட்டும் மறுபடி லூமியேர் காலத்துக்கே சுருங்கிவிட்டது. அதனால்தான் எல்லோரும் மறுபடி கையை ஆட்டுகிறார்கள். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் காலத்தில் எதை எடுப்பது என்று சொன்னது வீட்டுப் பெரியவர், எடுத்தது வெளியாளான நான். இப்போது அடுப்படியில் நிற்கிற பெண்ணே தன் அடுப்படியை எடுக்கிறாள். அந்த உரிமையை எந்தக் கேசட்டும் கொடுத்ததில்லை.

படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் கல்யாணக் கேசட் கிடந்தால் இந்த மாதமே எடுத்துப் பாருங்கள். டேப்பில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் டெக்கில் போட்டுவிடாதீர்கள். ஹெட்டும் போகும், டேப்பும் போகும். சுத்தம் செய்து மாற்றித் தருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஓடுகிற டெக்குகள்தான் குறைந்துகொண்டே வருகின்றன. மாற்றக் கொடுக்கும்போது மறக்காமல் சொல்லிவிடுங்கள்: கல்யாணம் முடிந்ததும் நிறுத்த வேண்டாம், டேப் தீரும்வரை ஓடவிடுங்கள்.