மலையேறிய மெமரி சிப்பு

பெங்களூருக்கு ஆணி பிடுங்க வந்த புதிதில் ஒரு பிழை என்னைப் பாடாய்ப் படுத்தியது. ஒரே ஒருமுறை வந்தது. அப்புறம் எத்தனை தடவை ஓட்டினாலும் வரவில்லை. "நீதான் எங்கேயோ கோட்டை விட்டிருப்பே" என்றார் மேலாளர். மறுக்க என்னிடம் அத்தாட்சி ஏது?

இதே தலைவலி 1970களில் இன்டெல்லுக்கே வந்திருக்கிறது. மெமரி சிப்பில் பிட்டுகள் தானாக மாறின. சிப்புக்குச் சேதமில்லை, மறுபடி எழுதினால் ஒழுங்காக வேலை செய்தது. 1978ல் டிமோத்தி மேயும் முர்ரே வுட்ஸும் காரணத்தைச் சொன்னார்கள். சிப்பை மூடிய பீங்கான் உறையில் துளியூண்டு யுரேனியமும் தோரியமும் இருந்தன. அவற்றிலிருந்து கிளம்பும் ஆல்பா துகள் சிலிக்கானுக்குள் பாய்ந்து எலெக்ட்ரான்களைக் கிளப்பிவிட்டது. பிட்டைப் புரட்ட அது போதும். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்!

உறையைச் சுத்தமாக்கினால் தீர்ந்ததா? இல்லை. வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களும் இதைச் செய்யும் என்று ஐபிஎம்மின் ஸீக்லரும் யேல் பல்கலையின் லான்ஃபோர்டும் 1979ல் எழுதினார்கள். காகிதத்தில் கணக்குப் போடுவது சரி, நிரூபிப்பது எப்படி?

அடுத்து ஐபிஎம் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மெமரி சிப்புகளை கொலராடோ மாநிலத்தின் லெட்வில் ஊருக்குக் கொண்டுபோனார்கள். சுமார் 3,100 மீட்டர் உயரம். பிழைகள் பல மடங்கு எகிறின. கான்சாஸ் சிட்டியில் பாறைக்கு அடியில் வைத்தார்கள். பிழை நின்றது. மாறியது தலைக்கு மேலே இருந்த காற்றும் பாறையும் மட்டுமே.

பாறை இப்படித் தடுக்கும் என்பது நம் பக்கம் பழைய சேதி. கோலார் தங்கவயலில், நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய அதே சுரங்கங்களில், டிஐஎஃப்ஆர் விஞ்ஞானிகள் ஆழம் ஆழமாகக் காஸ்மிக் கதிரை அளந்திருந்தார்கள். 1965ல் 2 கிலோமீட்டருக்கும் கீழே நியூட்ரினோவின் தடயத்தையே பிடித்தார்கள்.

2003ல் பெல்ஜியத்தின் ஷார்பேக் நகரில் மின்னணுத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு 4,096 ஓட்டு கூடுதலாக விழுந்தது. அதாவது 2ன் 12ஆம் அடுக்கு, ஒரே ஒரு பிட். காஸ்மிக் கதிர் என்று சந்தேகம்தான், ருசு இல்லை. வாய்ப்பே இல்லாத எண்ணாக இருந்ததால் கண்ணில் பட்டது. நம்பும்படியான எண்ணாக இருந்திருந்தால்?

என் பிழைக்கும் வானத்தைக் கைகாட்ட மாட்டேன். அநேகமாக யாரோ தொடக்க மதிப்பு கொடுக்க மறந்த வேரியபிளாக இருக்கும். ஆனால் இப்போது ஜூனியர் யாராவது "ஒரே ஒருதடவைதான் வந்துச்சு சார்" என்று வந்தால், எந்த மெஷின், எத்தனை மணி என்று முதலில் குறித்துக்கொள்கிறேன்.