பாட்டும் பெயரும்: மலையக ஒலிப்பதிவுகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நாட்டின் அரசியல் வரலாற்றை எழுதப் புகுவோனுக்குச் சாசனங்கள் எத்துணை இன்றியமையாதனவோ, கல்வி வாய்ப்பு நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்த ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றை எழுதப் புகுவோனுக்குப் பாடல்கள் அத்துணை இன்றியமையாதன. அட்டன், நுவரெலியா, தலவாக்கலை, பொகவந்தலாவை முதலிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் மக்களின் தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, மாசி மாதக் காமன் கூத்து ஆகியன அத்தகைய சான்றுகளாகும். இவற்றுட் பல ஒலிநாடாக்களிலே பதியப்பெற்று, இன்று கணினிக்கும் கைப்பேசிக்கும் இடம் மாறியுள்ளன. எனினும், அக்கோப்புகளைத் திறந்து நோக்குவோர் பெரும்பாலும் காண்பது வெறும் வரிசை எண்ணையும், பாடியவர் அறியப்படவில்லை என்னும் குறிப்பையுமே. பாட்டு உளது, பாடியவர் இலர். இக்குறை தோன்றியவாற்றையும், அதனை இல்லத்திலேயே நீக்குமாற்றையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாட்டோடு அதன் விபரத்தையும் சேர்த்துப் போற்றும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. உ. வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றிலே பாடல்களின் ஈற்றில் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டோர் பற்றிய குறிப்புகள் அமைந்துள்ளமையை யாவரும் அறிவர். பரிபாடற் குறிப்புகள் இன்னும் ஒரு படி மேற்சென்று, இயற்றிய புலவரை மட்டுமன்றி இசை வகுத்தவரையும் பண்ணையும் தனித்தனியே சுட்டுகின்றன. இயற்பெயர் மறைந்தவிடத்துப் பாட்டிலுள்ள தொடரையே புலவர்க்குப் பெயராக்கினர். செம்புலப்பெயனீரார் என்னும் பெயர் அவ்வாறு அமைந்ததே. பெயரின்றிப் பாட்டை விட்டுவிட அவர்கள் மனம் ஒப்பவில்லை. இக்குறிப்புகளை நீக்கிவிடின் சங்ககால வரலாற்றிற் பெரும்பகுதியை எழுதுதல் இயலாது என்பதை வரலாற்று மாணவர்க்கு எடுத்துக்கூற வேண்டுவதில்லை.

மலையகத்தில் அச்சேறிய பாடல்களும் இம்மரபினின்று முற்றாக விலகவில்லை. கோ. நடேசையர் 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மை கூட்டங்களிலே பாடிய பாடல்கள் சிறு நூல்களாக வெளிவந்தன; 1940இல் வெளியான ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ அவற்றுள் ஒன்று. அக்காலத்துப் பாட்டுப் புத்தகங்களிலே பாட்டின் தலைப்பில் இன்ன மெட்டு என ஒரு வரி அமைவது வழக்கம். அவ்வொரு வரி, எழுத்தறியாதாரும் அப்பாட்டை எவ்வாறு பாடினர் என்பதை இன்று நமக்கு உணர்த்துகின்றது. பின்னர் சி. வி. வேலுப்பிள்ளை (1914 – 1984) தோட்டத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவர் முயற்சி இல்லையேல் பல பாடல்கள் பாடிய வாயோடு மறைந்திருக்கும்.

ஒலிப்பதிவுக் கருவி வந்த காலத்தும் பெயரின் தேவை உணரப்பட்டிருந்தது. 1902இல் கல்கத்தாவில் இசைத்தட்டுக்குப் பாடிய கௌஹர் ஜான், பாட்டின் முடிவிலே தம் பெயரைத் தாமே உரக்கக் கூறினார். இந்தியாவிலே பதிவான தட்டுகள் அந்நாளில் ஜேர்மனியின் ஹனோவர் நகரிலே அழுத்தி எடுக்கப்பட்டன. மொழியறியாத் தொழிலாளர் தட்டுகளை இனங்காண அப்பெயர் உதவிற்று. பின்வந்த தட்டுகளின் நடுவே ஒட்டப்பெற்ற வட்டத்தாளில் முதலடி, இராகம், பாடியவர் பெயர், தட்டின் எண் என்பன அச்சிடப்பட்டன. வானொலி அறிவிப்பாளர், பாட்டை ஒலிபரப்புமுன் படத்தின் பெயரையும் பாடியோர் பெயரையும் கூறினர். லயக் காம்பிராவிலிருந்து வானொலி கேட்டவர்க்கும் இவ்வாறு திரைப்பாடகர் பெயர்கள் மனப்பாடமாயின. ஆனால், அடுத்த காம்பிராவிலே தாலாட்டுப் பாடிய தாயின் பெயர் எத்தாளிலும் ஏறவில்லை.

1963இல் அறிமுகமாகிய ஒலிநாடாப் பேழையே இந்நிலையை மாற்றும் வாய்ப்பை முதன்முதல் அளித்தது. 1977இன் பின் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தமையால் ஒலிப்பதிவுக் கருவிகள் பெருகின. திருமணமும் திருவிழாவும் கூத்தும் வீட்டிலேயே பதியப்பட்டன. எனினும், பேழையின் அட்டையிலே பேனாவால் எழுதியதே அவற்றுக்கு இருந்த ஒரே குறிப்பு. அட்டை தொலைந்தால் குறிப்பும் தொலைந்தது.

கணினிக் காலத்துக் குறையோ வேறு வகையினது. எம்.பி.3 கோப்பின் ஈற்றிலே விபரங்களைப் பொதியும் ‘ஐ.டி.3’ என்னும் முறை 1996இல் தோன்றிற்று. அதன் முதல் வடிவம் 128 பைட்டு அளவினது. தலைப்புக்கு 30, பாடியவர்க்கு 30, தொகுப்பின் பெயருக்கு 30, ஆண்டுக்கு 4 என இடம் வகுக்கப்பட்டிருந்தது. இன்று வழங்கும் ஒருங்குறி முறையில் எழுதின் ‘தாலாட்டு’ என்னும் ஒரு சொல்லே 24 பைட்டுகளைக் கொள்ளும். இசை வகைக்கென அமைந்த பட்டியலில் 80 பெயர்கள் இருந்தன; தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, கூத்து என்பவற்றுள் ஒன்றேனும் அவற்றில் இல்லை. 1998இல் வந்த இரண்டாம் வடிவம் ஒருங்குறியை ஏற்று, இடத்தையும் விரித்தது. ஆயினும் இலங்கையிற் பரவலாக வழங்கிய பாமினி போன்ற எழுத்துருக்களிலே எழுதிய பெயர்கள், அவ்வெழுத்துரு இல்லாத கருவியிலே பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். ஆங்கில எழுத்திற் பெயரிட்டோர் ழகரத்தை ஆளுக்கொரு விதமாக எழுதினர். ஒரே பாட்டு மூன்று பெயர்களுடன் மூன்று இடங்களிற் கிடக்க நேர்ந்தது.

மலையகப் பாடல்களைப் பொறுத்தவரை, வணிக இசைக்கென வகுத்த இச்சட்டகம் முற்றிலும் போதாது. இதனை மூன்று கூறுகளால் விளக்கலாம்.

முதலாவது, காலம். 1867இல் லூல்கந்துரவிலே ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பி இலைநோய் காணப்பட்டது. கோப்பித் தோட்டத் துயரைக் கூறும் ஒரு பாட்டு 19ஆம் நூற்றாண்டில் வேர்கொண்டது எனக் கருதலாம். அதனை 1985இல் பதிந்து ‘ஆண்டு 1985’ என்று மட்டும் குறிப்பின், நூறாண்டு வரலாறு மறைந்துவிடும். பதிவின் ஆண்டு வேறு. பாட்டின் காலம் வேறு.

இரண்டாவது, இடம். பல தோட்டங்களுக்கு நிருவாகம் வழங்கும் ஆங்கிலப் பெயர் ஒன்றும், தொழிலாளர் வழங்கும் தமிழ்ப் பெயர் ஒன்றும் உண்டு. இரண்டனையும் குறித்தாலன்றி இடத்தைத் துணிதல் அரிது. மேலும், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. அதன்வழிச் சென்றோர் பலர் நீலகிரித் தோட்டங்களிற் குடியேறினர். கோத்தகிரியிற் பதிவான ஒரு பாட்டு அட்டனிற் பிறந்ததாக இருத்தல் கூடும். பதிந்த இடமும் பாட்டுப் பிறந்த இடமும் வேறுவேறாகக் குறிக்கத்தக்கன.

மூன்றாவது, ஆள். நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் இல்லை என்பர். ஆனால் அதனைப் பாடியவர் உளர். அவர் யாரிடம் கற்றார் என்பதும் உளது. அவரை ‘அறியப்படாதவர்’ ஆக்கியது நாட்டாரிசையின் இயல்பன்று, பதிந்தவரின் கவனக்குறைவே.

இனி, இல்லத்திற் செய்யத்தக்கன சில. கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள், தோட்டம், பாடியவர், முதலடி என்ற ஒரே ஒழுங்கில் அமைத்தல் வேண்டும். ஆண்டை முதலில் வைத்து, மாதத்தையும் நாளையும் ஈரிலக்கமாக எழுதின் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். எனினும் பெயர் மட்டும் போதாது. கைப்பேசிச் செய்திச் செயலியால் அனுப்பப்படும் பாட்டுக் கோப்பு, தன் பெயரை இழந்து வெறும் எண்ணைப் பெறுதல் நாம் அன்றாடம் காண்பதே. ஆதலின் அவ்விபரங்களைக் கோப்பின் உட்குறிப்பிலும் எழுதுக. பாட்டின் காலம், பிறந்த இடம், கற்பித்தவர், சூழல் என்பவற்றைக் கருத்துரைப் பகுதியில் விரித்தெழுதலாம். ஒலி வடிவத்தை மாற்றும்போது உட்குறிப்பும் அழியக்கூடும் என்பதால் ஒரு குறிப்பேட்டிலும் அவற்றைப் பதிந்து வைத்தல் நன்று. பாடியவர் உயிரோடிருப்பின் அவர் இசைவைப் பெறுதலும், ஒப்பாரியாயின் இறந்தவர் குடும்பத்தாரின் மனத்தை மதித்தலும் கடமையாகும்.

இவை சிறு செயல்கள் எனத் தோன்றலாம். ஆனால் எழுத்துச் சான்றில்லாமையின் விலையை மலையக மக்கள் அறிந்தவாறு அறிந்தோர் சிலரே. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் குடியுரிமை கோரினர். ஏறத்தாழ 134,000 பேரே அதனைப் பெற்றனர். இம்மண்ணில் இடையறாது வாழ்ந்ததற்கான சான்று கேட்கப்பட்டது. வாழ்ந்தோரிற் பலரிடம் சான்று இல்லை. எஞ்சியோர்க்குரிய சட்டம் 2003இலேயே வந்தது. அன்று ஆவணம் இல்லாமற் போனமைக்கு அம்மக்கள் பொறுப்பாளர் அல்லர். இன்று கருவி நம் கையில் உளது. பாடிய பாட்டியின் பெயரைக் கேட்டு எழுதச் சில நிமிடங்களே வேண்டும். அதனை எழுதாது விடின், அக்குறைக்கு நாமே பொறுப்பாளராவோம். விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலுள்ள ஒரு பதிவுக்கேனும் உரிய பெயரை எழுதி வருவாராயின், நாளைய வரலாற்றாசிரியன் அவர்க்கு நன்றியுடையனாவான்.