பீன்யாவும் நம் பிள்ளைகளின் பள்ளியும்

ஓர் ஊரின் வரலாற்றை அறிய விழைவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் நாடுவர். பள்ளிக்கூடத்தின் பெயர்ப் பதிவேட்டையும் நாடவேண்டும் என்போம் நாம். எவர் வந்தனர், எவர் பெயர்ந்தனர், எத்தொழில் செழித்தது, எது நலிந்தது என்பனவற்றை அதைப்போல் உரைக்கவல்ல ஏடு பிறிதில்லை. பெங்களூரின் வடமேற்கே தும்கூர்ச் சாலையில் அமைந்த பீன்யா இதற்குத் தக்க சான்றாகும்.

அரை நூற்றாண்டுக்கு முன்னர் பீன்யா ஓர் உழவர் சிற்றூரே. கேழ்வரகு விளைந்த மானாவாரி நிலங்கள் சூழ்ந்திருந்தன. அருகே ஜாலஹள்ளிப் பகுதியில் 1950களில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ், எச்.எம்.டி. ஆகிய பெருந்தொழிற்சாலைகள் எழுந்தன. பேராலை ஒன்று நிலைபெற வேண்டுமாயின், அதற்கு உறுப்புகள் செய்துதரும் சிறு பட்டறைகள் பல வேண்டும். 1970களின் பிற்பகுதியில் பீன்யாவின் வயல்கள் தொழிற்பேட்டையாயின. ஒரு கொட்டகையில் கடைசல், அடுத்ததில் தேய்ப்பு, மற்றொன்றில் முலாம் என, ஓர் இரும்புத் துண்டு பல கைகள் மாறி உருப்பெற்றது.

அக்கைகளுள் நம்மவர் கைகளும் இருந்தன. தருமபுரி, சேலம், வட ஆற்காட்டுப் பகுதிகளில் மழை பொய்த்த காலங்களில் புறப்பட்டோர் பலர். உழவை இழந்தோர், உழவை இழந்த மற்றோர் ஊரில் பிழைப்புத் தேடினர். நம் வாழ்வு எழுந்த நிலம், அவ்வூர்க் கன்னட உழவரின் கழனி என்பதை நாம் மறத்தல் தகாது.

இங்கே ஓர் ஒப்பீடு செய்வோம். 1809இல் தோன்றிய பெங்களூர் கண்டோன்மென்ட்டில் குடியேறிய தமிழர், ஒரே வட்டாரத்தில் செறிந்து வாழ்ந்தனர். ஆற்காடு நாராயணசாமி முதலியார் 1873இல் அங்கே பள்ளி தொடங்கினார். 1950இல் பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும் தோன்றியது. பீன்யாவிலோ நிலை வேறு. ஒற்றை அறை வாடகை வீடு, மூன்று முறை மாறும் வேலை நேரம், ஒப்பந்தம் முடிந்தால் ஊர்மாற்றம் என்று வாழ்ந்தோர் சிதறியே இருந்தனர். அவருள் செல்வரும் குறைவு. ஆதலின் தமக்கென்று பள்ளி எழுப்ப அவர்க்கு இயலவில்லை. பற்றுக் குறைந்ததனால் அன்று. பொருளியல் இடந்தராமையாலேயே என்க.

1991க்குப் பின் பொருளாதாரக் காற்று திசை மாறியது. பொதுத்துறை ஆலைகளின் வேலைகள் குறைந்தன, எச்.எம்.டி. கைக்கடிகார நிறுவனத்தை மூட 2016இல் மைய அரசு முடிவு செய்தது. ஆயத்த ஆடை ஆலைகள் பெருகின. மகளிர் பெருந்தொகையினராய் வேலைக்குச் சென்றனர். 2014இல் மெட்ரோ இரயில் பீன்யாவை எட்டியது. 2001இல் ஏறத்தாழ 65 இலட்சமாய் இருந்த பெங்களூர் நகர மாவட்ட மக்கள்தொகை, 2011இல் 96 இலட்சமாயிற்று. இன்று ஒடிசாவினின்றும் பீகாரினின்றும் வந்தோர் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் கன்னட எழுத்தைப் பயில்கின்றனர். அன்று நம்மவர் பிள்ளைகள் அமர்ந்த இடம் அது.

நம் பிள்ளைகளோ ஆங்கிலப் பள்ளியில் உள்ளனர். வீட்டிற்குத் தமிழ், தெருவிற்குக் கன்னடம், ஏட்டிற்கு ஆங்கிலம். மூன்றும் வேண்டுவனவே. எனினும் தமிழ் பேசும் பிள்ளை, ஊரிலிருந்து பாட்டி எழுதுவித்த கடிதத்தைப் படிக்க இயலாது நின்றால், அவ்விழப்பை ஈடு செய்ய எவ்வூதியத்தாலும் ஆகுமோ?

சிறுபான்மை மொழியினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்ய வேண்டுமென அரசியலமைப்பின் 350ஏ பிரிவு கூறுகிறது. இது 1956இல் சேர்க்கப்பட்டது. சட்டம் வழி காட்டும். நடக்க வேண்டியோர் நாமே. பள்ளி எழுப்ப இயலாத குடும்பமும் ஞாயிறு தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்க இயலும். கன்னடத்தை நன்றியுடன் கற்போம். தமிழை உரிமையுடன் கற்பிப்போம். வயலை இழந்த நாம் எழுத்தையும் இழத்தல் வேண்டா.