மேற்பட்டி இல்லாத கண்ணாடி மீன்தொட்டிகளின் தாங்குதிறன்

ரிம்லெஸ் எனப்படும் மீன்தொட்டியின் மேல்விளிம்பில் சட்டமோ, உட்பட்டியோ, குறுக்குக் கண்ணாடியோ இராது. ஐந்து கண்ணாடிகளும் அவற்றை இணைக்கும் சிலிக்கான் ஒட்டுமே முழுப் பளுவையும் ஏற்கின்றன. கண்ணாடியைத் தடிமனாக்கினால் போதும் என்ற எண்ணம் விற்போரிடமும் வாங்குவோரிடமும் பரவலாக உண்டு. அது பாதி உண்மை.

தொட்டியை லிட்டர் கணக்கில் பேசுவதே முதல் பிழை. கண்ணாடியைத் தள்ளும் அழுத்தத்தைத் தீர்மானிப்பது நீரின் உயரம். 120 செ.மீ. நீளத் தொட்டியில் 45 செ.மீ. உயரத்துக்கு நீர் நின்றால் முன்கண்ணாடி மீது ஏறத்தாழ 121 கிலோ எடைக்கு நிகரான விசை விழும். நீர்மட்டம் 60 செ.மீ. ஆனால் அது 216 கிலோவாகும். நீர் கூடியது மூன்றில் ஒரு பங்குதான். அடிவிளிம்பைச் சுற்றிக் கண்ணாடியைக் கவிழ்க்க முயலும் திருப்புவிசையோ 2.4 மடங்காகிவிடும்.

மதுரைச் சீமையின் கண்மாய்க் கரை அடியில் அகன்று மேலே குறுகும். ஆழத்தோடு அழுத்தம் ஏறுவதை அறிந்து போட்ட கரை அது. தொட்டியின் கண்ணாடியோ மேலும் கீழும் ஒரே தடிமன். மூன்று பக்கம் பிடிப்பும் மேலே பிடிப்பின்மையும் இருப்பதால், நீளமான கண்ணாடி அழுத்தம் மிகக் குறைந்த மேல்விளிம்பின் நடுவில்தான் வெளிப்புறம் மிகுதியாகப் புடைக்கும். பட்டியின் வேலை அந்த இடத்தைப் பிடிப்பதே.

பட்டியை நீக்கினால் அதை ஈடுகட்டத் தடிமன் உதவும். 8 மி.மீ. கண்ணாடிக்குப் பதில் 10 மி.மீ. போட்டால் புடைப்பு ஏறத்தாழப் பாதியாகும். உள்ளே எழும் இழுவிசை 36% குறையும். ஒட்டின் அகலமும் கூடும். ஆனால் கண்ணாடி உடைவது அதன் மேற்பரப்பிலும் ஓரத்திலும் உள்ள நுண்கீறல்களிலிருந்துதான் என்பது 1921இல் வெளிவந்த கிரிஃபித்தின் ஆய்விலிருந்தே தெரிந்த செய்தி. ஈரத்தில், இடைவிடாத பளுவின்கீழ், அக்கீறல்கள் மெல்ல வளரவும் செய்யும். ஒரு மாதம் ஒழுகாமல் நின்ற தொட்டி தேர்வில் தேறிவிட்டதாகக் கொள்ள முடியாது. வெட்டிய ஓரத்தைத் தீட்டி மெருகேற்றுவது அழகுக்கான செலவு மட்டுமன்று.

ஒழுகாமல் நின்ற தொட்டியும் பின்னர் உடையலாம் என்பதற்கு, பெர்லினில் இருந்த அக்வாடோம் என்ற பெரிய மீன்தொட்டி நெருங்கிய சான்று. ஏறத்தாழ 10 லட்சம் லிட்டர் கொண்ட அந்த அக்ரிலிக் உருளை, சீரமைப்பு முடிந்த அதே ஆண்டில், 2022 டிசம்பர் 16 அதிகாலையில் வெடித்தது. ஒட்டு, சீரமைப்பின்போது காலியாகக் கிடந்து உலர்ந்தது, அடிப்பகுதிக் கீறல் என மூன்று சாத்தியங்களை ஆராய்ந்தும் உறுதியான காரணம் நிறுவப்படவில்லை. பொருள் வேறு, ஐயத்துக்குரிய இடங்கள் ஏறத்தாழக் கண்ணாடித் தொட்டிக்கு உரியவையேதான்.

தடிமன் தோற்கும் இடம் தரை. மதுரை ஒத்தக்கடைப் பக்க வீடுகளில், கழுவிவிடும் நீர் வடியத் தரைக்கு வாட்டம் கொடுப்பது கொத்தனார் வழக்கம். 10 மி.மீ. கண்ணாடியில் செய்த 120 × 45 × 45 செ.மீ. தொட்டி, நீரோடு சுமார் 290 கிலோ. ஸ்டாண்டின் ஒரு கால் தாழ்ந்தால் தொட்டி முறுக்கிக்கொள்ளும். அம்முறுக்கை ஓரளவு தாங்கச் சட்டம் இல்லாததால் அது நேரே மூலை ஒட்டுக்குப் போகிறது. தடித்த கண்ணாடி வளைந்து கொடுப்பதும் குறைவு. ஒரே அளவு முறுக்குக்கு அதனுள் எழும் இழுவிசை கூடுதல். அடியில் விரிக்கும் தெர்மாகோலோ மணல் துணுக்கு, சிறு மேடு ஆகியவற்றைத்தான் விழுங்கும், வாட்டத்தைத் திருத்தாது. ரசமட்டம் வைத்து ஸ்டாண்டின் கால்களைச் சரிசெய்வது, நீர் நிரப்புமுன் முடிய வேண்டிய வேலை.

வீட்டுத் தொட்டிக்கு 45 செ.மீ. உயரம் வரை பட்டியைத் துறக்கலாம். அதற்கு மேல் உயரம் வேண்டுவோர் பட்டி வைத்த தொட்டியையே வாங்குவது நல்லது.