இரண்டு வீட்டு ஏடு

அப்பாவின் நெல் கணக்கு நோட்டுகளை ஸ்கேன் செய்து தஞ்சாவூர் வீட்டுப் பழைய லேப்டாப்பில் வைத்தேன். அதுதான் என் சர்வர். இன்னொரு பிரதி சென்னையில், என் மேசையில். எந்த நிறுவனத்திடமும் கொடுத்துவைக்காமல் இரண்டையும் ஒன்றுபோல் வைத்திருப்பது சிங்க்திங் என்ற திறந்தமூல மென்பொருள்.

"எதுக்குடா ரெண்டு எடத்துல?" என்றார் அப்பா.

பதில் இந்த மண்ணிலேயே இருக்கிறது. பனையோலையைப் பூச்சி அரிக்கும். நூல் பிழைக்க, யாராவது புது ஓலையில் படியெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டதும் உண்டு, உ.வே.சாமிநாதையர் அதை மனம் நொந்து எழுதியிருக்கிறார். கும்பகோணம் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே 1887-இல் அவர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். பல ஊர்களில் பிரதிகள் கிடந்ததால்தான் அது முடிந்தது. ஒன்றில் செல்லரித்த வரி இன்னொன்றில் முழுசாக இருக்கும். ஒத்துப்போகாத இடம் பாடபேதம் ஆகும்.

சிங்க்திங்கிலும் பாடபேதம் உண்டு. ஒரே கோப்பை இரண்டு பக்கமும் திருத்தினால், பழைய திருத்தத்தை வேறு பெயரில் பக்கத்திலேயே வைக்கும். ஆனால் அது தேதியைத்தான் பார்க்கும், பொருளை அல்ல.

இன்னொரு வித்தியாசத்தைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு வீட்டு ஏடு ஆற்றில் போனாலும் அடுத்த வீட்டு ஏடு பிழைத்தது. நானோ சென்னையில் தவறுதலாக ஒரு வருஷக் கணக்கை அழித்தேன். தஞ்சாவூரிலும் அது அழிந்தது. இப்போது அங்கே பழைய பதிப்புகளைச் சேமிக்கும் வசதியைப் போட்டிருக்கிறேன்.

அழிந்ததை மறுபடி ஸ்கேன் செய்தேன். நோட்டு அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது.