இன்ப துன்பமும் தன்னுணர்வும்: ஜொகூர் தோட்டத் தமிழர்

"நீங்க எந்தத் தோட்டம்?" மலேசியாவின் ஜொகூரில் வயதான தமிழர் இருவர் புதிதாகச் சந்தித்தால் பெரும்பாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். எந்த லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில்) வளர்ந்தார், எந்த மாரியம்மனுக்குப் பூ மிதித்தார், யாரோடு சேர்ந்து அழுதார் என்பதெல்லாம் அந்த ஒரு பெயரில் அடக்கம்.

தன்னுணர்வு, ஒருவர் தம்மைப் பற்றித் தமக்கே சொல்லிக்கொள்ளும் கதையாக உருவாகிறது என்கிறார் அமெரிக்க உளவியலாளர் டான் மெக்காடம்ஸ். துன்பம் நன்மையாக முடிவதும், இன்பம் கெட்டுப்போவதும் அக்கதையின் முக்கியத் திருப்பங்கள். தொல்காப்பியரோ அழுகையையும் உவகையையும் எட்டு மெய்ப்பாடுகளில் சேர்த்தார். இரண்டும் உடலில் தோன்றிப் பிறர் கண்ணில் படுபவை. பலகைச் சுவர் மட்டுமே இடையில் நின்ற லயத்து வீடுகளில் எதையும் மறைத்து அழ முடியாது.

துன்பத்தின் கனம் சப்பான்காரன் காலத்தில் இருக்கிறது. 1942 ஜனவரி முடிவதற்குள் ஜொகூர் ஜப்பானியர் வசமானது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர், 415 கிலோமீட்டர் நீள சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுசெல்லப்பட்டனர். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களை வாரிக்கொண்டன. 1943 அக்டோபரில் பாதை முடிந்தபோது, இறந்த ஆசியத் தொழிலாளர் 90,000 வரை இருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் நேச நாட்டுக் கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர் அடக்கமாகியிருக்கிறார்கள்; பெரும்பாலோருக்குத் தனித்தனிக் கல் உண்டு. தமிழ்த் தொழிலாளிக்கு அப்படி ஒரு கல் இல்லை. நெஞ்சை அறுக்கும் வேறுபாடு இது. இறந்த நாளே தெரியாதவருக்கு எந்த நாளில் திதி கொடுப்பது? மரபு மகாளய அமாவாசையைக் காட்டுகிறது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் அந்த இழப்பை எழுத்தில் ஏற்றின.

உவகைக்கோ தோட்டத்து மாரியம்மன் கோயிலின் ஆண்டுத் திருவிழா இருந்தது; தோட்டமே மாறிய பின்னும் அது தொடர்கிறது.

கித்தா (ரப்பர்) மரங்கள் செம்பனைக்கு இடம் விட்டன. ஜொகூர் பாருவைச் சுற்றிய தோட்டங்கள் பல தாமான்களாயின, அதாவது வீடமைப்புப் பகுதிகளாயின. 2006-இல் தொடங்கிய இஸ்கந்தர் வளர்ச்சித் திட்டம் அந்த மாற்றத்தை விரைவுபடுத்தியது. லயங்கள் போன பின்னும் கோயில் மிஞ்சிய இடங்களுக்கு, தரைப்பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்யும் பேரப்பிள்ளைகளும் விடுப்பு எடுத்துக்கொண்டு தீமிதிக்கு வருகிறார்கள். பால் வெட்டும் கத்தியைத் தொட்டே அறியாதவர்கள்கூட, பால்குடம் தூக்கும் அன்று தாத்தாவின் தோட்டத்தையே தம் ஊராகச் சொல்கிறார்கள்.