கருத்து தெரிவிக்கப்பட்டது

குமாஸ்தாவாக இருந்த காலத்தில் நான் எழுதிய வரிகளுக்குக் கணக்கில்லை. அதில் ஒரு வரி மட்டும் இன்னும் உறுத்துகிறது: "மீன்வளம் குறித்து ஒருவர் கருத்து தெரிவித்தார்."

கடலோர ஊர் ஒன்றில் ஒரு தொழிற்சாலைக்காக நடந்த கருத்துக் கேட்புக் கூட்டம் அது. குறிப்பெடுக்க என்னை உட்காரவைத்திருந்தார்கள். வயதான மீனவர் ஒருவர் எழுந்து கால்மணி நேரம் பேசினார். எந்தக் காற்றுக்கு எந்த மீன் வரும், முகத்துவாரத்தில் தண்ணீர் நிறம் மாறினால் இறால் எங்கே போகும், பிள்ளைகளுக்கு எந்த மாதத்தில் உடம்பில் அரிப்பு வருகிறது, எல்லாவற்றையும் சொன்னார். கூட்டம் முடிந்து நான் எழுதியது அந்த ஒரு வரி. மேலதிகாரி படித்துப் பார்த்து, "சுருக்கமா இருக்கு, நல்லது" என்றார்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பழைய பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகளில் "கொம்மோதோ எத் இன்கொம்மோதோ" என்று ஒரு விசாரணை உண்டு. லத்தீன் சொற்கள்தான், சௌகரியமா, அசௌகரியமா என்று அர்த்தம். 1810இல் நெப்போலியன் போட்ட ஆணைப்படி, நாற்றமோ ஆபத்தோ உள்ள தொழிற்சாலை தொடங்குமுன் அக்கம்பக்கத்தாரைக் கேட்கவேண்டும். சுவரில் அறிவிப்பு ஒட்டி, வந்து சொல்கிறவர்களின் ஆட்சேபத்தை எழுதிக்கொள்வார்கள். இளம் வயதில் இதைப் படித்து, என்ன நாகரிகமான சட்டம் என்று வியந்திருக்கிறேன். பிறகுதான் ஒன்று புரிந்தது. அங்கே கேட்கப்பட்டது அண்டை வீட்டுக்காரரின் சௌகரியம். உள்ளே நின்று வேலை செய்கிறவனை அந்த ஆணை கேட்கவே இல்லை.

நம் நாட்டில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயமானது 1994 ஜனவரியில். மக்களைக் கூட்டிக் கேட்கவேண்டும் என்ற விதி 1997 ஏப்ரலில்தான் சேர்ந்தது. 2006 அறிவிக்கையில் கூட்டத்தை வீடியோ எடுக்கவேண்டும், நடவடிக்கைக் குறிப்பை உள்ளூர் மொழியில் அங்கேயே வாசித்துக் காட்டவேண்டும் என்று வந்தது. நான் எழுதியது அதற்கு முந்தி. வாசித்துக் காட்டியிருந்தால் அந்தப் பெரியவர் என்னைச் சும்மா விட்டிருக்கமாட்டார்.

சரியாகக் கேட்டவர்களும் உண்டு. கனடாவின் வடக்கே, மெக்கன்ஸி ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக எரிவாயுக் குழாய் போடத் திட்டமிட்டார்கள். 1974இல் தாமஸ் பெர்கர் என்ற நீதிபதியை விசாரிக்க நியமித்தார்கள். அவர் தலைநகரத்தில் உட்கார்ந்து மனு வாங்கவில்லை. முப்பத்தைந்து ஊர்களுக்கு நேரில் போனார். தேனே, இனூயிட் பழங்குடிகள் தங்கள் மொழியிலேயே பேசினார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் கூட இருந்தார்கள். ஏறத்தாழ ஆயிரம் பேர் பேசினார்கள். எந்தத் தடத்தில் வேட்டைக்குப் போவோம், எங்கே மீன்பிடி முகாம் என்று வரைபடத்தில் காட்டினார்கள். பொறியாளர் சொன்னதும் வேட்டைக்காரர் சொன்னதும் ஒரே பதிவேட்டில் ஏறின. பழங்குடிகளின் நில உரிமை தீரும்வரை குழாய்த் திட்டத்தைப் பத்தாண்டு தள்ளிவையுங்கள் என்று 1977இல் பெர்கர் அறிக்கை கொடுத்தார். ஒரு குமாஸ்தாவாக எனக்கு அந்த ஆயிரம் பேரின் வாக்குமூலத்தை எழுதிய கைகளை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது.

இங்கே அதற்கு நிகராகச் சொல்லக்கூடியது ஒடிசாவின் நியம்கிரி. மலை உச்சியில் பாக்சைட். லாஞ்சிகரில் வேதாந்தாவின் ஆலை அதற்காகக் காத்திருந்தது. மலையில் வாழும் டோங்ரியா கோண்டு மக்கள் சில ஆயிரம் பேர்தான். அவர்கள் பேசும் குவி நம் தமிழுக்குத் தூரத்து உறவுமொழி. மலை அவர்களுக்கு நியம் ராஜா, கடவுள். மழைத்தண்ணீரைப் பிடித்துவைத்து ஓடையாக விடுவது அந்த உச்சிதான், அதை வெட்டினால் ஓடை சாகும் என்பதும் அவர்கள் வாதம். 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம், முடிவை கிராம சபைகளிடம் கேளுங்கள், மாவட்ட நீதிபதி தகுதியுள்ள ஒருவர் கூட இருந்து பார்க்கட்டும் என்று சொன்னது. மலையிலும் அடிவாரத்திலும் நூற்றுக்கு மேல் ஊர்கள் இருக்க, மாநில அரசு பன்னிரண்டைத்தான் தேர்ந்தெடுத்தது. அதற்கு மத்தியப் பழங்குடியினர் அமைச்சகமே ஆட்சேபம் தெரிவித்தது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், மழையில், ஒவ்வொரு ஊராகச் சபை கூடியது. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. ஒரு ஊர்கூட மாறவில்லை. 2014 ஜனவரியில் சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது.

அந்தச் சபைகளில் பேசியதைச் சுருக்கி ஒரே வரியில் எழுதிவிடாமல் தடுத்தது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீதிபதி என்றுதான் நினைக்கிறேன். குமாஸ்தா புத்தி எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியாதா?

இப்போது நான் மகள் வீட்டோடு எம். புதுப்பட்டியில் இருக்கிறேன். மொட்டைமாடியில் நின்றால் மேற்கே மலை தெரிகிறது. அங்கே, செண்பகத்தோப்பு முதலான இடங்களில் பளியர்கள் இருக்கிறார்கள். 1988இல் அந்தக் காடு சாம்பல்நிற அணில் சரணாலயம் ஆனது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். 2006 வன உரிமைச் சட்டம் அவர்களுடைய கிராம சபைக்குக் காட்டைக் காக்கும் அதிகாரமே கொடுத்திருக்கிறது. பாறையில் கயிறு கட்டி இறங்கித் தேன் எடுக்கிறவர்களுக்கு, எந்த வருஷம் எந்தப் பாறையில் அடை குறைந்தது என்று தெரியும். அதை எந்த அறிக்கையில் எந்தப் பத்தியில் சேர்ப்பார்கள்?

மலைக்குக் கீழேயும் இதே கதைதான். பட்டாசு வழக்கு 2015இல் தில்லிக் குழந்தைகள் மூவர் பெயரில் போடப்பட்டது. 2018 அக்டோபரில் பேரியம் கூடாது என்று தீர்ப்பு வந்தது. தில்லிக் காற்றை அளந்தார்கள், அளக்கவேண்டியதுதான். சிவகாசித் தொழிலாளர்கள் அந்த வாதத்தில் வந்தது பிழைப்பு போகும் என்ற கணக்கில். அவர்கள் மூச்சைப் பற்றி அவர்களையே கேட்டு எழுதினால் அந்தக் கோப்பு எவ்வளவு கனமாக இருக்கும்!

எதிர்வீட்டு அம்மா இருபது வருஷமாகப் பட்டாசு ஆபீசுக்குப் போகிறவர். (இங்கே ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்கிறார்கள். நானும் ஆபீஸ், அவரும் ஆபீஸ்.) போன ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன். "எங்கட்ட யாருய்யா இதெல்லாம் கேட்டா?" என்று சிரித்துவிட்டு, பிறகு சொல்ல ஆரம்பித்தார். மருந்துப் பொடி எத்தனை தடவை கழுவினாலும் நகத்திடுக்கை விட்டுப் போகாதது, சாயங்காலம் சாப்பாட்டில் ருசி தெரியாதது, மழைக்காலத்தில் மட்டும் இருமல் குறைவது.

நோட்டை எடுத்துவந்து அவர் சொன்னபடியே எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. "என்னய்யா எழுதுனீக, வாசிங்க பாப்போம்" என்றார். வாசித்தேன். இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னார்.